கம்பியின் முனையில் கன்னியம்மாள்

அன்பு மகனுக்கு, அத்தா எழுதுவது. நீ அடுத்த அறையில் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாய். ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்க அதை எந்தச் சட்டையில் சுற்றுவது என்று உன் அம்மா உன்னோடு வாதாடிக்கொண்டிருக்கிறாள். எழுந்து வந்து நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். எழுதினால் முடித்துவிடுவேன் என்று தோன்றுகிறது. விமானத்தில் உட்கார்ந்த பிறகு படி.

போன வாரம் ஆள் குறைவாக இருந்ததால், சாவு வீட்டில் ஐஸ் பெட்டியை இறக்கி வைக்க நீயும் என்னோடு வந்தாய். பெரியவரைப் பெட்டிக்குள் கிடத்திய பிறகு நான் மூடியை மூடவில்லை. நீ செய்துகொடுத்த மீட்டரின் சென்சார் கம்பி முனையை அவர் மூக்கருகே பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை அவர் நெஞ்சில் வைத்து, மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். உனக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பி வரும்போது டெம்போவில் கேட்டாய்: "டெஸ்ட் பண்றதுக்கு அதுவா அத்தா இடம்? இன்னா நினைப்பாங்க?" நான் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினேன். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். நீ பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படித்தபோது, புராஜெக்ட்டுக்கு என்ன செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தாய். நம் கடையில் பந்தல், நாற்காலி, பாத்திரத்தோடு ஐஸ் பெட்டியும் வாடகைக்கு விடத் தொடங்கியிருந்த நேரம் அது. பெட்டியில் வந்த முள் மீட்டர் எந்தப் பக்கமும் அசையாமல் நிற்கும். "நான் உங்களுக்கு நம்பர் காட்டுற மீட்டர் செஞ்சு தரேன் அத்தா" என்றாய். பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு, மூன்று கால்கள். அதுதான் வெப்பத்தை அளக்கும் சிப் என்று என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாய். ஒரு காலுக்கு மின்சாரம், ஒரு காலுக்கு எர்த், நடுவில் இருக்கும் கால்தான் அதற்கு வாயும் காதும். ஒரே கம்பியில் கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். அதனால் முதலில் மீட்டர், கம்பியில் இருக்கும் மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் கீழே இழுத்துப் பிடித்து, "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். பிறகு கையை எடுத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் சிப் இருந்தால் அது தானாகக் கம்பியை ஒரு தரம் இழுத்து "இருக்கிறேன்" என்று சொல்லும். அந்தப் பதில் வந்த பிறகுதான் மற்றதைக் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் இதே மரியாதைதான், நொடிக்கு நொடி இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் நாள் அது சரியாக வேலை செய்யவில்லை, ஞாபகம் இருக்கிறதா? ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதில் சிப்பை முக்கினாய். எண்பத்தைந்து என்று காட்டியது. எடுத்துத் துடைத்து மறுபடி முக்கினாய். எண்பத்தைந்து. "ஐஸ் தண்ணிக்கு எண்பத்தஞ்சா? உங்க மிஷினுக்குக் காய்ச்சல் வந்துகீது, மாத்திரை குடுங்க" என்று உன் அம்மா சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இரண்டு நாள் நீ யாரோடும் பேசவில்லை. பிறகு நீயே கண்டுபிடித்தாய். அளக்கச் சொன்ன பிறகு அது அளந்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். அதற்குள் விடையைக் கேட்டால், அளக்காமலே, பிறக்கும்போது அதனுள் எழுதிவைத்த எண்பத்தைந்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். "பொய் சொல்லல அத்தா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாய். உன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னும் இரண்டு ஏற்பாடுகளையும் செய்தாய். கம்பியின் மறுமுனையில் யாருமே இல்லையென்றால் வெறும் கோடுகள் தெரியும். பேச்சு வழியில் சிதைந்துபோனால் 'E' என்று ஓர் எழுத்து தெரியும். சிப் ஒவ்வொரு தடவையும் தன் விடையோடு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து அனுப்பும், அதை வைத்துத்தான் விடை முழுசாக வந்ததா என்று தெரிந்துகொள்கிறோம் என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மனதில் நின்றுவிட்டது. பரீட்சைக்கு நீ ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனாய். நான் மீட்டரைப் பெட்டியில் மாட்டினேன்.

அந்த வருஷக் கார்த்திகை மழையில், காவாந்தண்டலத்தில் கன்னியம்மாள் என்கிற அம்மா இறந்துவிட்டதாகக் காலையில் ஆள் வந்தது. நாற்று நட, களை பறிக்க என்று கூலிக்குப் போகிறவர். வயது அறுபதுக்குள்தான் இருக்கும். சர்க்கரை வியாதி, அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் முழுக்க மழையில் நனைந்து வேலை செய்துவிட்டு வந்து, சோறு இறங்காமல், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். விடிந்து எழுப்பினால் உடம்பு சில்லிட்டிருக்கிறது. ஊரில் நாடி பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார். மூத்த மகன் திருப்பூரிலிருந்து வந்து சேர வேண்டும், அதற்காகத்தான் ஐஸ் பெட்டி. அவன் வந்த பிறகு குளிப்பாட்டிக்கொள்ளலாம் என்று மூக்கில் பஞ்சுகூட வைக்காமல் விட்டிருந்தார்கள். இளைய மகன் ஏழுமலையும் நானும் டெம்போ டிரைவரும் பெட்டியை இறக்கினோம். அந்த அம்மாவைக் கிடத்தி, மாலைகளைச் சரிசெய்து, கண்ணாடி மூடியை மூடி, கரண்ட் கொடுத்தேன். மோட்டார் உறுமத் தொடங்கியது. வழக்கமாக நான் அத்தோடு கிளம்பிவிடுவேன். அன்றைக்கு மழை வலுத்துவிட்டது. டிரைவர் டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. நான் பெட்டியின் கால்மாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

வெளியே மழைக்கு ஒதுங்கியபடி பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் அழுது ஓய்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். நான் வேறு வேலையில்லாமல் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற சாவுகளில் அந்தச் சிவப்பு எண் படி இறங்குகிறவர் மாதிரி இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் நாலிலோ ஐந்திலோ போய் நின்றுவிடும். அன்றைக்கும் இறங்கியது. பதினாறுக்கு வந்து நின்றுவிட்டது. மூடியின் கண்ணாடியைத் தொட்டேன், விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி குளிர்ந்திருந்தது. எண் மட்டும் இறங்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், அது சும்மா நிற்கவும் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற கடைசி இலக்கம் கொஞ்சம் ஏறியது. நின்றது. இறங்கியது. நின்றது. மறுபடி ஏறியது. ரொம்ப நிதானமாக. நாற்காலியை மீட்டருக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

கம்பியில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுசெய்தேன். வேறென்ன நினைக்க முடியும்? மீட்டரிலிருந்து கம்பியின் பிளக்கைக் கழற்றினேன். நீ சொன்ன மாதிரியே கோடுகள் வந்தன. திரும்பச் செருகினேன். மீட்டர் கேட்டுக்கொண்டிருந்ததற்கு நடுவில் செருகிவிட்டேன் போலிருக்கிறது, பளிச்சென்று எண்பத்தைந்து காட்டியது. அந்த நேரம் பார்த்து ஏழுமலை என் பின்னால் வந்து நின்றான். "இன்னா பாய் இது, எண்பத்தஞ்சு காட்டுது? எங்கம்மாவ உள்ள வேக வெக்கிறியா?" என்று கத்தினான். பறை நின்றுவிட்டது. "இல்லப்பா, அது அளக்காம சொன்ன நம்பரு. இப்ப பாரு" என்றேன். மறு நொடி பதினாறு வந்தது. பிறகு கொஞ்சம் ஏறியது. இறங்கியது. 'E' வருகிறதா என்று காத்திருந்தேன், மகனே. அது வந்துவிட்டால் நான் தப்பித்தேன். கம்பி பழுது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். வரவில்லை. பெட்டி நன்றாகக் குளிர்கிறது. கம்பி சரியாக இருக்கிறது. சிப் சொன்னது சிதையாமல் வந்து சேர்கிறது. அப்படியானால் அது சொல்வது உண்மை. குளிர் பெட்டிக்குள் ஏதோ ஒன்று அதைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது, விட்டு விட்டு.

எழுந்து தலைமாட்டுக்குப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுவரில் சிப்பை மாட்டியிருந்த கிளிப் டெம்போ குலுக்கலில் தளர்ந்து, மூடியை மூடியபோது சிப் கழன்று விழுந்திருக்க வேண்டும். அது கன்னியம்மாளின் மேலுதட்டின் மேல் கிடந்தது.

சத்தம் போடவும் பயம், சும்மா இருக்கவும் பயம். நான் வேற்று மதத்துக்காரன், வாடகைக்குப் பெட்டி கொண்டுவந்தவன். நான் நினைப்பது தப்பாக இருந்தால், சாவு வீட்டில் போய் ஆசை காட்டின பாவம் என்னைச் சும்மா விடாது. "பொட்டில சின்ன ரிப்பேரு, மூடியத் தொறக்கணும்" என்று மட்டும் சொன்னேன். "தொறக்கக் கூடாது, மூடினா மூடினதுதான்" என்று ஒரு கிழவர் தடுத்தார். ஏழுமலை என் சட்டையைப் பிடித்தான். அப்போது மகள் செல்வி எழுந்து வந்தாள். அழுது அழுது அவள் குரல் உள்ளே போயிருந்தது. என் முகத்தையே பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, "தொறங்க பாய்" என்றாள். தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள். நான் சிப்பில் என் சூடு படாமல் கம்பியை மட்டும் விரல்களால் பிடித்து, அந்த அம்மாவின் மூக்குக்கு நேரே வைத்தேன். மீட்டரைப் பார்க்கச் சொல்லி அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். பதினாறு. பதினாறு. பிறகு ஏறத் தொடங்கியது. "இது இன்னா பாய்?" என்றாள். "தெரியலம்மா. நெஞ்சுல காத வெச்சுப் பாரு" என்றேன்.

அவள் மாலைகளை ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். தலையை எடுக்காமலே, யாரையும் பார்க்காமல், "கீது" என்றாள்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் கனவு மாதிரி இருக்கிறது. மாலையோடு தாயைத் தூக்கிக்கொண்டு ஏழுமலை வாசலுக்கு வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்து ஓடியது. பறையடித்தவர்களில் ஒருவர் கருவியை மழையிலேயே போட்டுவிட்டு ஓடினார். டீக்கடையிலிருந்து ஓடிவந்த டிரைவர் வண்டியைக் கிளப்பினார். டெம்போவில் அந்த அம்மாவைக் கிடத்தி, செல்வி தன் மடியில் தலையை வைத்துக்கொண்டு, கால்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, குளிரும் சேர்ந்து நாடியை அமுக்கிவிட்டது, கையால் பார்த்துக் கண்டுபிடிப்பது யாருக்கும் கஷ்டம்தான் என்றார். குளுக்கோஸ் ஏற்றிக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். திருப்பூர்க்காரன் காவாந்தண்டலத்துக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே திறந்த பெட்டியும் அதில் உறுமிக்கொண்டிருந்த மோட்டாரும்தான் இருந்தன. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை, அல்லது கிட்டே போகத் துணிச்சல் இல்லை.

உனக்கு ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். பிழைத்து வந்தவரைப் பார்க்க ஊர் சந்தோஷப்பட்டிருக்கும் என்று நீ நினைக்கலாம். அப்படி நடக்கவில்லை. செத்துத் திரும்பியவர் என்று பயந்து, நடவுக்குப் பெண்களைக் கூப்பிடுகிறவர்கள் அந்த அம்மாவை விட்டுவிட்டுக் கூப்பிட்டார்கள். அவர் கையால் கொடுத்த தண்ணீரை யாரும் வாங்கிக் குடிக்கவில்லை. செல்வியின் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், விஷயம் காதுக்கு எட்டியதும் திரும்ப வரவேயில்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் வெயிலில் கன்னியம்மாள் நம் கடைக்கு நடந்து வந்தார். உள்ளே வரவில்லை. கடை வாசலில் வெயிலிலேயே நின்றார். நான்தான் வற்புறுத்தி நாற்காலியில் உட்கார வைத்தேன். உன் அம்மா டீ கொண்டுவந்து கொடுத்து, அவர் குடித்து வைத்த கிளாஸை அவர் எதிரிலேயே கழுவாமல் எடுத்து, தனக்கு டீ ஊற்றிக் குடித்தாள். அவள் சும்மா செய்தாளா, தெரிந்தே செய்தாளா, நான் இன்றுவரை கேட்டதில்லை. கன்னியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெளிய யாராண்டயும் சொல்லாதீங்க பாய். பேத்தி கல்யாணம் கீது. இங்க கீற பேஜார் போதும்" என்றார். சத்தியம் செய்தேன். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"உள்ள என்கூட ஒருத்தரு இருந்தாரே, அவரு யாரு பாய்?"

"உள்ளயா? யாரும் இல்லம்மா."

"இருந்தாரு. எனக்குக் கண்ணு தெரியல, கை கால் எதுவும் என்னுது இல்ல. எங்கியோ இறங்கிப் போய்க்கினே இருந்தேன். போவசொல்ல, மூஞ்சியாண்ட ஒருத்தரு வந்து நின்னுக்கினு, 'கீறியா, கீறியா'ன்னு கேட்டாரு. 'கீறேன்'னு சொன்னேன். சொன்னா போயிடுவாருன்னு பாத்தா, திரும்பவும் கேட்டாரு. விடவே இல்ல பாய். பதில் சொல்லணுமேன்னுதான் நான் இறங்காம நின்னேன்."

மகனே, உன் சிப் எப்படிப் பேசும் என்று நான் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்த ஊரிலும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த பேச்சு அது. நீ படித்தவன், கம்பியில் போகிற அந்தச் சின்னத் துடிப்பு மனிதத் தோலுக்குத் தெரியாது என்று சொல்வாய். மயக்கத்தில் இருக்கிற மூளை எதையாவது கற்பனை செய்யும் என்பாய். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். பகலில் அது சரியாகவும் படுகிறது. ஆனால் அன்று முதல், கண்ணை மூடிக் கிடக்கிற யார் அருகிலும் கம்பியை ஒரு தடவை பிடித்துக் காத்திருக்காமல் என்னால் மூடியை மூட முடியவில்லை. பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் சரி. ஊர் விட்டு ஊர் போகிறாய், அங்கே பெரிய பெரிய எந்திரங்கள் செய்யப்போகிறாய். புதிதாக வருகிற சென்சார்கள், மாற்றம் இருந்தால் மட்டும்தான் வாய் திறக்கும், மற்ற நேரம் தூங்கும், அதனால் பாட்டரி மிச்சம் என்று முந்தாநாள் பெருமையாகச் சொன்னாய். நல்லதுதான். எங்காவது ஓர் இடத்தில், சும்மாவேனும் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒன்றையும் வைத்துவிடு. மனிதர்களிடமும் அப்படியே இரு. கேட்டதும் விடை வரவில்லையென்றால் பொறு. நீ ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அடுத்தவர் வாய் திறப்பதற்குள் எழுந்து போகிற ஆள். எனக்கும் அதே குணம்தான் இருந்தது. கன்னியம்மாளுக்குப் பிறகு குறைந்தது.

பேத்தியின் கல்யாணம் நல்லபடியாக வேறு ஊரில் நடந்தது. நம் கடைப் பந்தல்தான். அதற்குப் பிறகும் அவர் சில வருஷம் இருந்தார். போன மாசிமாதம், நீ பெங்களூரில் இருந்தபோது, காலையில் செல்வி கடை வாசலில் வந்து நின்றாள். நான் பெட்டியை ஏற்றினேன். இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்துதான் கொண்டுவந்திருந்தார்கள், டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்திருந்தார். ஆனாலும் நான் நெஞ்சில் கை வைத்தேன். கம்பியைப் பிடித்தேன். சிப்பில் ஒட்டியிருந்த என் கைச்சூடு விலக, எண் தயங்காமல் இறங்கியது. "இல்லம்மா" என்றேன். "தெரியும் பாய்" என்றாள் செல்வி. "ஆனாலும் மூடாதீங்க. கொஞ்ச நேரம் கேட்டுக்கினே இருங்க."

மோட்டாரைப் போடாமல் மீட்டரை மட்டும் ஓடவிட்டு, அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே மாசி வெயில், யாரோ பாடை கட்ட மூங்கில் பிளக்கிற சத்தம். வந்த சொந்தக்காரர்கள் எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். எண் இறங்கி, அந்த அறைக்கு உண்டான சூட்டில் வந்து நின்றது. பிறகு ஒரு புள்ளிகூட அசையவில்லை. கடைசியில் குளிப்பாட்டத் தூக்க வேண்டும் என்று ஏழுமலை வந்து சொன்னான். செல்வி தாயின் முகத்தருகே குனிந்தாள். முத்தமிடப்போகிறாள் என்று நினைத்தேன். கம்பியின் முனையை இரண்டு விரலால் எடுத்து, தன் வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, தூரத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நாங்க இங்கதான் கீறோம். நீ போ."

மீட்டரில் எண் ஏறியது. அவள் மூச்சுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் அது ஏறி, நின்று, மெல்ல இறங்கி முடிக்கிறவரை பிளக்கைப் பிடுங்க என் கை போகவில்லை.